வெளிக்கவரில் வேறு பெயர்

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுத்து கோணலாக இருக்கிறது. 'ழ' ஒவ்வொன்றும் கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போகிறது. 'ஞ' எழுதி முடிப்பதற்குள் விரல் மரத்துவிடுகிறது. இதைப் படிக்கப் போவது நான் ஒருவன்தான். அதனால் மன்னிப்பையும் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டாயிற்று. கொடுத்தாயிற்று.

வேலை பார்த்த காலம் முழுக்க லிஃப்ட் ஓட்டினேன். எண்கள் தெரியும். எழுத்துதான் தெரியாது. மனைவி இருந்தவரை எது வந்தாலும் அவள் படித்துச் சொல்வாள். அவள் போன பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். "இந்த வயசுல எதுக்கு மாமா, கலெக்டர் ஆகப் போறீங்களா?" என்று மருமகள் கேட்டாள். இப்போது சோப்பு உறை, மருந்து அட்டை, பஸ்ஸின் முதுகு, எதையும் நான் விடுவதில்லை. போன மாதம் என் பழைய கட்டடத்துக்குப் போய் என் லிஃப்ட்டிலேயே ஏறினேன். தலைக்கு மேலே ஒரு பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது.' அட கடவுளே! பத்துப் பேரை அடைத்துக்கொண்டு அல்லவா போய் வந்திருக்கிறேன், அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து!

இதை மகளுக்கு எழுதினேன். அவள் தூரத்து ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகன் தன் பழைய டேப்பை, பெரிய போன் மாதிரி இருக்குமே, அதைக் கொடுத்து, அதில் எனக்கு ஒரு மெயில் முகவரியும் போட்டுக் கொடுத்தான். ஞாயிறுதோறும் மதியம் உட்கார்ந்து ஒற்றை விரலால் மகளுக்கு எழுதுகிறேன். செவ்வாய்க்குள் பதில் வந்துவிடும். பக்கம் பக்கமாக! 'அப்பா, பலகை விஷயத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது எழுத்துத் தெரிந்தவர் இருந்திருப்பாரே, ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. போனில் வந்தபோது, "பலகை பத்தி எழுதினேனே, படிச்சியாம்மா?" என்றேன். "படிச்சேன்பா, சூப்பர்" என்றாள். போனில் எப்போதும் அவசரம்தான் அவளுக்கு. எழுத்தில்தான் நிதானமாக இருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நீளமாக எழுதினேன். இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னேன். உன் அண்ணன் காலையில் வெந்நீரைத் தீர்த்துவிட்டுத்தான் குளியலறையை விட்டு வருகிறான். சாப்பாட்டு மேஜையில் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறான். சில நாள் நான் இந்த வீட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி மாதிரி இருக்கிறேன். எடுத்துப் போக யாரும் வரவில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. இதை அண்ணனிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவான்.

நல்லதையும் எழுதினேன். நாற்காலி முதுகைக் கடிக்கிறது என்று முன்பு ஒருமுறை அவளுக்கு எழுதியிருந்தேன். இரண்டே நாளில் மகன் ஒரு மெத்தை வாங்கி வந்து போட்டான். நான் கேட்கவே இல்லை! பெற்றவனுக்கும் பிள்ளைக்கும் நடுவே கம்பியில்லாத் தந்தி ஓடுகிறது பார் என்று எழுதினேன்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு, போய்விட்டதா என்று இருமுறை பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

மகளிடமிருந்து பதில் இல்லை. வேறு ஏதோ வந்திருக்கிறது. முழுக்க ஆங்கிலம். அடியில் நான் எழுதிய கடிதம் அப்படியே ஒட்டியிருக்கிறது. யாரோ பெரிய அதிகாரி போலிருக்கிறது. மரியாதைக்கு ஒரு பதில் போட்டேன்: 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. தயவுசெய்து தமிழில் எழுதவும்.'

மார்ச் 12, புதன்

அந்த ஆங்கிலத்துக்கு நடுவே ஒரு மெயில் முகவரி இருக்கிறது. மகளுடையது இல்லை. மகளுடையது எனக்கு மனப்பாடம். இதையும் எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே?

சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் மகனின் ஆபீஸ் கார்டு. டேப்பைப் பக்கத்தில் வைத்து, ஒரு எழுத்து அங்கே, ஒரு எழுத்து இங்கே என்று ஒத்துப் பார்த்தேன். கடைசிப் புள்ளி வரை ஒன்றேதான்.

நான் எழுதியது மகளுக்கு. இவன் முகவரி அதில் எப்படி வந்தது?

மார்ச் 13, வியாழன்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு கம்பெனியின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல்முறை சொன்னபோது, "சர்வர்னா ஓட்டல்ல பரிமாறுறவர்தானேம்மா?" என்றேன். "அதே வேலைதான் ஐயா. டிப்ஸ் மட்டும் கிடையாது" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சர்வரம்மா. டேப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

பார்த்ததும் சிரித்தாள். "இதுக்குப் பதில் வேற போட்டிருக்கீங்களா! இது மனுஷங்க எழுதினது இல்ல. உங்க லெட்டர் போய்ச் சேரலைன்னு மெஷின் திருப்பி அனுப்பினது. பெட்டி நிரம்பியிருக்காம்."

"யார் பெட்டி?"

முகவரியைப் படித்தாள். அவளுக்கு என் மகனைத் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க உங்க பையனுக்கும் சேர்த்து அனுப்பினீங்களா?"

"இல்லம்மா. பொண்ணுக்கு மட்டும்தான்."

அவள் ஒரு காகித உறையை எடுத்து உள்ளே ஒரு தாளை வைத்தாள். நான் புரிந்துகொண்டபடி எழுதி வைக்கிறேன்.

மெயிலுக்கும் உள்ளே ஒரு தாள், வெளியே ஒரு கவர். நாம் திரையில் பார்ப்பது தாளை மட்டும்தான். அதில் இருக்கும் 'அனுப்புநர்', 'பெறுநர்' எல்லாம் தாளில் எழுதியவை. கவர் நம் கண்ணில் படாது. ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் கதவைத் தட்டி, முதலில் வணக்கம் சொல்லும். பிறகு, இது இன்னாரிடமிருந்து வருகிறது, இன்னாருக்குப் போகிறது என்று சொல்லும். அந்தப் பக்கம் சரி என்று சொன்னால்தான் தாளைக் கொடுக்கும். இந்தப் பேச்சில் வரும் இரண்டு பெயர்கள்தான் கவர். தாளில் ராஜா என்று இருந்தாலும் ராணி என்று இருந்தாலும் கவலை இல்லை. கவரில் யார் பெயரோ, அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"லிஃப்ட் மாதிரி" என்றேன். "எந்த மாடின்னுதான் கேட்போம். பைக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க, யாரைப் பார்க்கப் போறீங்கன்னு கேட்க மாட்டோம்."

"அதேதான் ஐயா. இப்ப உங்க லெட்டர் உங்க பொண்ணு சர்வருக்குச் சரியாத்தான் போயிருக்கு. ஆனா அங்க, 'இவர்கிட்டேர்ந்து வர்றதை எல்லாம் இந்த முகவரிக்குத் தள்ளிவிடு'ன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. அது என்ன பண்ணுச்சுன்னா, கவர்ல பெறுநர் பேரை மட்டும் மாத்திட்டு, அனுப்புநர் இடத்துல உங்க பேரை அப்படியே விட்டுடுச்சு. உங்க பையன் பெட்டியில இடம் இல்ல. போய்ச் சேராத மெயில் கவர்ல அனுப்புநர் யாரோ அவருக்குத்தான் திரும்பும். அதான் நேரா உங்ககிட்ட வந்துடுச்சு. இல்லேன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"அப்போ பொண்ணு எழுதுற பதிலெல்லாம்?" என்று கேட்டேன்.

மெயில் வந்து சேர்ந்ததும், வாங்கும் சர்வர் கவரைத் தூக்கிப் போட்டுவிடுமாம். ஆனால் போடும் முன், கவரில் இருந்த அனுப்புநர் பெயரைத் தாளின் உச்சியில் ஒரு வரியாகக் குறித்து வைக்குமாம். அந்த வரியைப் பார்க்க எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினாள். பலகை பற்றி வந்த பதிலைத் திறந்தாள். தாளில் மகள் பெயர். உச்சி வரியில், ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் அதே முகவரி.

"காப்பி குடிக்கிறீங்களா ஐயா?" என்றாள். வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன். படிக்கட்டில். லிஃப்ட்டில் ஏறத் தோன்றவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மெத்தை. பாத்ரூமில் மாட்டிய புது பல்பு. என் கண்ணாடிக்குக் கயிறு. எல்லாமே நான் அவளுக்கு எழுதிய பிறகு வந்தவை.

கம்பியில்லாத் தந்தியாம். மடையன்!

மார்ச் 15, சனி

சாப்பிடும்போது மகன் மருமகளிடம் சொன்னான்: "ஆபீஸ் மெயில் பெட்டி ரொம்பி வழிஞ்சிருக்கு. நேத்துப் பூரா உட்கார்ந்து அழிச்சேன்." என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியது இவனுக்குக் கிடைக்கவில்லை. பெட்டி என்று என்னைச் சொல்லிக்கொண்டது இவனுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் எழுதியது எல்லாம் தெரியும். மருமகள் குறட்டையைப் பற்றி எழுதியது தெரியும். அம்மா போன அன்று நான் ஏன் அழவில்லை என்று எழுதியது தெரியும். தெரிந்துகொண்டே என் எதிரே உட்கார்ந்து ரசம் ஊத்துன்னு கேக்குறான்!

நானே கேட்டுவிடலாம். ஆனால் சர்வரம்மா தப்பாகச் சொல்லியிருந்தால்? ஒரு வழி இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மகளுக்கு எழுதினேன். 'அன்புள்ள மகளுக்கு. இடது குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலி. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம்.'

எனக்குக் குதிகால் வலியே கிடையாது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு நான் எழுதிய முதல் பொய் இது. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் வந்தது.

மார்ச் 17, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு தைலப் புட்டியை என் முன்னால் வைத்தான்.

"என்னடா இது?"

"சும்மாதான்ப்பா. நடக்கும்போது ஒரு மாதிரி நொண்டுறீங்க."

"எந்தக் கால்?"

"இடது."

"நான் நொண்டவே இல்லையேடா."

அவன் முகம் வெளுத்தது. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்" என்றாள், அவனிடம்தான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"மூணாவது லெட்டர்லேர்ந்து. அவதான் போன் பண்ணா. 'அண்ணா, வாரா வாரம் எழுதுறார், படிக்கவே நேரமில்ல, பதில் போடலைன்னா வருத்தப்படுவார், நீ பார்த்துக்கோ'ன்னா. அவ பெட்டியிலேர்ந்து எனக்கு வர்ற மாதிரி பண்ணிக் கொடுத்தா. நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதைக் கெடுக்க வேண்டாம்னு..."

"'சிரிச்சுக்கிட்டே படிச்சேன்'னு எழுதினது?"

"நான்தான். சிரிச்சதும் நான்தான்ப்பா."

"என்கிட்ட சிரிச்சா என்னடா?"

தைலப் புட்டியை அவன் பக்கமே தள்ளி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. யாருக்காக எழுத்துக் கற்றுக்கொண்டேன்? அவளுக்காகத்தானே! ரெண்டு பேரும் சேர்ந்துகிட்டு ஒரு கிழவனை உட்கார வெச்சுப் பொம்மலாட்டம் காட்டியிருக்காங்க. ஒருத்தி என்னைத் தள்ளிவிட்டா. ஒருத்தன் ஒளிஞ்சு நின்னு படிச்சான். யார் மேல அதிகக் கோபம்னு என்னாலயே சொல்ல முடியல. காலையில இவன் மேல. மத்தியானம் அவ மேல.

"படிச்சேன்பா, சூப்பர்"னாளே. எவ்வளவு சுலபமா வந்துச்சு அவ வாயில!

மார்ச் 20, வியாழன்

லிஃப்ட்டில் சர்வரம்மாவைப் பார்த்தேன். "அவளுக்கு மட்டும் போற மாதிரி பண்ண முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"நம்ம கவர்ல அவங்க பேரைப் போடுறது வரைக்கும்தான் நம்ம கையில இருக்கு ஐயா. அவங்க சர்வர் வாங்கிக்கிட்ட பிறகு என்ன செய்யணும்கறதை அவங்கதான் முடிவு பண்ணணும்."

தன் மாடி வந்தும் அவள் இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு தெரியுமா? இப்படித் திரும்பி வர்ற மெயிலோட கவர்ல அனுப்புநர் இடம் காலியா இருக்கும். அதுவும் போய்ச் சேரலைன்னா திரும்பத் திரும்ப அலையக் கூடாது பாருங்க, அதுக்காக. அதோட கதை அங்கேயே முடிஞ்சிடணும்."

என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி, எதுவும் திரும்பி வராதபடி, அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டு ஒரு வார்த்தை அனுப்பினால் தேவலை என்றிருந்தது.

மார்ச் 22, சனி

மகள் போன் செய்தாள். அண்ணன் சொல்லியிருக்கிறான். எடுத்ததும் அழுதாள்.

"வார்டுல நிக்க நேரமில்லப்பா. வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க. உங்க லெட்டரைத் திறந்தா அவ்வளவு நீளம். படிக்காம விட்டா குத்தமா இருக்கு. அதான் அண்ணன்கிட்ட..."

"படிக்காதேம்மா. அதுல ஒண்ணும் தப்பில்ல. நீ படிக்காம வெச்சிருந்தா, எப்பவாவது படிப்பான்னு நான் காத்துக்கிட்டு இருந்திருப்பேன். படிச்சேன்னு இன்னொருத்தரை விட்டுச் சொல்ல வெச்சியே, அதான்."

போனில் அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். "அந்த ஏற்பாட்டை எடுத்துடறேன்ப்பா" என்றாள். நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதவில்லை. டேப் அலமாரி மேல்.

மதியம் மகன் வந்து கதவில் சாய்ந்து நின்றான். "இன்னைக்கு லெட்டர் எழுதலையாப்பா?"

"யாருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 25, செவ்வாய்

மகளிடமிருந்து மெயில். சர்வரம்மா காட்டிக் கொடுத்த இடத்தை அழுத்தி உச்சி வரியைத் தேடினேன். வெளியேயும் அவள் பெயர்தான். பிறகு படித்தேன்.

'அப்பா, எடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க. டியூட்டி இருக்கு.'

அவ்வளவுதான். திருப்பித் திருப்பிப் படித்தேன். படிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. இது நிஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம்தான். ஒரு விரல் நீளம் இருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

வகுப்புக்குப் போனேன். வந்து, அவள் பெயரில் வந்த பழைய பதில்களை முதலிலிருந்து படித்தேன். அழித்துவிடத்தான் திறந்தேன்.

ஒன்றில் இப்படி இருக்கிறது: 'அப்பா, ஒருமுறை கரண்ட் போய் லிஃப்ட்டுக்குள் பகல் முழுக்க மாட்டிக்கொண்டீர்களே, தனியாக இருட்டில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? பயமாக இருந்ததா?'

அன்று மகள் பிறந்திருக்கவே இல்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கீழ்த்தளத்தில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தவன் இவன். கதவு திறந்ததும், "ஆறிப்போச்சுப்பா" என்று மட்டும் சொன்னான். நானும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டேன். அதைப் பற்றி அவன் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தங்கை பெயரை மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான்.

நல்ல கேள்விதான். கேட்ட விதம் திருட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எப்படிச் சாப்பிடுவது?

நான் அதற்கு, மகள் கேட்கிறாள் என்று நினைத்து, பயமே இல்லை என்று பெருமையாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

அழிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் டேப்பை இறக்கித் துடைத்தேன். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து கார்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு முகவரியை அடித்தேன். மருமகள் பார்த்தாள். "பக்கத்து ரூம்லதான் இருக்கார் மாமா, கூப்பிட்டா வருவார்" என்றாள். "தெரியும்மா" என்றேன்.

'அன்புள்ள மகனுக்கு. உன் தங்கை பெயரில் நீ எழுதியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியவில்லை. லிஃப்ட்டில் மாட்டிய அன்று பயந்தேனா என்று கேட்டிருந்தாய். முன்பு எழுதியது பொய். ரொம்பப் பயந்தேன். கீழே நீ இருக்கிறாய் என்று யாரோ கத்திச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். அதுவரை கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். சாப்பாடு ஆறவில்லை. காலையில் வெந்நீரில் எனக்கும் கொஞ்சம் விட்டு வை. அப்பா.'

அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போன் ஒருமுறை ஒலித்தது. நாற்காலி நகர்ந்தது. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பிறகு என் டேப் ஒலித்தது.

'அப்பா, சாப்பாடு ஆறிடுச்சு. நான்தான் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நாளையிலிருந்து நீங்க முதல்ல குளிங்க.'

தங்கை பெயரில் பக்கம் பக்கமாக எழுதியவனுக்குத் தன் பெயரில் இவ்வளவுதான் வருகிறது.

ஆனால் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒலித்ததும் நான் படிக்கவில்லை. எழுத்துக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கண்ணில் பட்டதை எல்லாம் ஓடி ஓடிப் படித்தவன், முதலில் உச்சிக்குப் போய் வெளிக்கவரின் பெயரைத் தேடினேன். கார்டோடு ஒத்துப் பார்த்தேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர். அதன் பிறகுதான் படித்தேன். இனி எது வந்தாலும் இந்தக் கை அங்கேதான் முதலில் போகும் போலிருக்கிறது.

வரும் ஞாயிறும் அவனுக்கு எழுதத்தான் போகிறேன். அவனும் என் கவரைப் பார்த்துவிட்டே திறக்கட்டும்.